ஐம்பது டொலரும் அத்தான் இருந்த மேசையும்

சுலக்ஷனைப் பற்றி ஹம் நகரத்திலை ஆரைக் கேட்டாலும் ஒரே பாட்டுத்தான் பாடுவினம். "சூதாடி. அத்தான்ரை சோத்தைத் திண்டுபோட்டு அந்தாளையே மாட்டிவிடப் பாத்த நன்றி கெட்டவன்." இப்பிடிச் சொல்லுறவையிலை அரைவாசிப் பேருக்கு நடந்தது தெரியாது. மிச்ச அரைவாசிக்குத் தெரியும். ஆனால் பரராசசிங்கத்தாரைப் பகைச்சுக்கொண்டு உவன்ரை பக்கம் கதைக்க அவைக்கென்ன விசரே? நடந்ததைக் கேளுங்கோ.

அவன் ஜெர்மனிக்கு வந்தது இரண்டாயிரமாம் ஆண்டு, இருபத்திரண்டு வயசிலை. ஏஜென்சிக்குக் கட்டின பதினெண்ணாயிரம் மார்க்கும் அக்கா சுகிர்தமலரின்ரை புருசன் பரராசசிங்கத்தின்ரை காசு. மார்க் போய் யூரோ வந்தது, கடன் மட்டும் போகேல்லை. ரொட்டித் தொழிற்சாலையிலை விடிய நாலு மணிக்கு வேலை தொடங்கி அவன் எடுக்கிற சம்பளத்திலை மாசம் நானூறு கடனுக்கு, இருநூற்றைம்பது சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும். படுக்கை எண்டால் என்ன படுக்கை? உடுப்புத் தோய்க்கிற மெசின் நிக்கிற அறையிலை ஒரு மெத்தை. மெசின் சுத்தேக்கை மெத்தையும் சேர்ந்து நடுங்கும்.

அவன்ரை சம்பளம் போற வங்கிக் கணக்குக்கும் அத்தானிட்டைத்தான் அதிகாரம். "உனக்கு டொச் பாசை தெரியாது, நான் பாக்கிறன்" எண்டு வந்த வருசமே கையெழுத்து வாங்கி வைச்ச மனுசன். எவ்வளவு கட்டினது, எவ்வளவு மிச்சம் எண்டு அவன் ஒருக்கால் கேட்டான். "நான் என்ன உன்னைக் கொள்ளையடிக்கிறனோ?" எண்டு வந்தது மறுமொழி. அதுக்குப் பிறகு அவன் கேக்கேல்லை.

பரராசசிங்கம் ஆர் எண்டதையும் சொல்லவேணும். துப்புரவுக் கம்பனி ஒண்டிலை மேற்பார்வையாளர். விளையாட்டுக் கழகத்துக்குத் தலைவர். சாமத்திய வீடோ செத்த வீடோ, முன் வரிசைக் கதிரை அவருக்குத்தான். சனிக்கிழமை எண்டால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு முன்னூற்றிநாலு எண்ட சீட்டாட்டம் அடிப்பார். "கடதாசியிலை என்னை வெல்ல இந்த ஹம்மிலை ஒருத்தனும் பிறக்கேல்லை" எண்டு சொல்லுவார். மற்ற மூண்டு பேரும் கழகத்திலை பதவி எதிர்பாக்கிற ஆக்கள், எப்பிடி வெல்லுவினம்?

சுலக்ஷனுக்கு ஒரு பெட்டை பேசியிருந்தது. பிரபாலினி. வவுனியாப் பிள்ளை, அப்ப தாயோடை கொழும்பு வெள்ளவத்தையிலை ஒரு அறை வாடகைக்கு எடுத்து இருந்தவள். படம் மாறி, குறிப்புப் பாத்து, போனிலை கதைச்சுக் கதைச்சு ஒரு வருசம் ஓடிப்போச்சு. அவளின்ரை சிரிப்பைக் கேக்கிறதுக்காக அவன் தொழிற்சாலையிலை மத்தியானச் சாப்பாட்டை விட்டுப்போட்டு அந்தக் காசுக்குப் போன் கார்ட் வாங்குவான். தாய் அன்னப்பிள்ளை கெட்டிக்காரி. இரண்டாயிரத்தாறு தை மாசம் அவனிட்டை நேரை சொல்லிப்போட்டா.

"தம்பி, கோவிக்காதேங்கோ. அக்கா வீட்டு மெசின் அறையிலை கிடக்கிற மாப்பிளைக்கு நான் பிள்ளையைத் தர ஏலாது. வாற வருசம் வைகாசிக்கிடையிலை உங்கடை பேரிலை ஒரு வீடு எடுத்துப்போட்டு வந்து கலியாண எழுத்தை முடியுங்கோ. இல்லாட்டிக் கனடாவிலை ஒரு இடம் கேட்டுக்கொண்டு நிக்கினம்."

அவ சொன்னது நியாயம்தான். வீட்டுக்கார ஜெர்மன்காரனுக்கு மூண்டு மாச வாடகை முற்பணம், முன்னம் இருந்தவன் விட்டுட்டுப் போற குசினிச் சாமானுக்கு ஒரு விலை, விமான ரிக்கெற், தாலி, எழுத்துச் செலவு, எல்லாம் சேர்த்துக் கணக்குப் பாத்தால் நாலாயிரத்தைஞ்ஞூறு யூரோ. அவன்ரை கையிலை மாசக் கடைசியிலை மிஞ்சிறது முப்பதோ நாற்பதோ. இதிலை எங்கை வீடு, எங்கை பெம்பிளை?

அப்பதான் டீட்மார் வந்தான். ரொட்டி பொதி செய்யிற வரிசையிலை அவனுக்குப் பக்கத்திலை நிக்கிற ஜெர்மன்காரன். வீட்டிலை இருந்து கொம்பியூட்டரிலை போக்கர் விளையாடுற விசர் அப்ப அந்த நாட்டிலை ஆரையும் விடேல்லை. டீட்மார் சொன்னான், ஒரு இணையத்தளம் இருக்காம், போக்கரைப் பள்ளிக்கூடம் மாதிரிப் படிப்பிக்குமாம், சோதினை பாஸ் பண்ணினால் விளையாட ஐம்பது டொலர் சும்மா தருமாம். ஒரு சதமும் கட்டத் தேவையில்லை.

"சும்மா ஆர் தருவான்?" எண்டு கேட்டான் சுலக்ஷன்.

"நூறு பேருக்குக் குடுத்தால் தொண்ணூற்றெட்டுப் பேர் தோத்துப்போட்டுப் பிறகு சொந்தக் காசைக் கொண்டு வருவாங்கள். அதுக்குத்தான் தாறாங்கள்" எண்டான் டீட்மார்.

மற்ற இரண்டு பேரைப் பற்றித்தான் சுலக்ஷன் யோசிச்சான். டீட்மாரிட்டையே அறுபது யூரோவுக்கு ஒரு பழைய கொம்பியூட்டர் வாங்கினான், காசு மூண்டு தவணை. அகராதியைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு பாடம் படிச்சான். சோதினையிலை ஒருக்கால் பெயில், இரண்டாந்தரம் பாஸ். ஆள் ஆரெண்டு உறுதிப்படுத்தத் தபாற்கந்தோருக்குப் போகவேணுமாம். அகதிகளுக்குக் குடுக்கிற நீலப் பாஸைக் கொண்டுபோய் நீட்ட, கந்தோர்க்காரி அதை முன்னும் பின்னும் பிரட்டிப் பாத்து, உள்ளை போய் ஆரையோ கேட்டுட்டு வந்து, கடைசியிலை முத்திரை குத்தினாள். பங்குனி மாசம் அவன்ரை கணக்கிலை ஐம்பது டொலர் விழுந்தது.

விளையாட்டு இதுதான். ஆளுக்கு இரண்டு கடதாசி கையிலை. அஞ்சு கடதாசி மேசையிலை, எல்லாருக்கும் பொது. நல்ல கை வந்தால் காசை ஏத்து, இல்லாட்டி எறி. பள்ளிக்கூடம் சொல்லிக்குடுத்த சட்டம் இன்னும் கறார்: முழுக்காசையும் கொண்டு ஒரு மேசையிலை இருக்கக்கூடாது, இரண்டு டொலரோடை இரு, பத்துக் கையிலை ஒன்பதை எறி. இதுக்குப் பெரிய மூளை தேவையில்லை, பொறுமைதான் வேணும். அகதிக் கந்தோர் வாசலிலை டெர்மின் எண்டு ஒரு சந்திப்பு நேரம் எடுக்க அஞ்சு மணித்தியாலம் நிண்ட பெடியனுக்குப் பொறுமையை ஆர் படிப்பிக்கவேணும்? ஜெர்மன் பெடியள் ஒரு மணித்தியாலத்திலை அலுத்துப்போய் குப்பைக் கையோடையும் பாய்வாங்கள். இவன் எறிவான். எறிஞ்சு எறிஞ்சு இருப்பான். ஒரு நல்ல கை வந்தவுடனை அடிப்பான்.

வேலை முடிஞ்சு ஒண்டரைக்கு வீட்டை வந்தால் இரண்டு மணியிலை இருந்து அத்தான் வாற ஆறு மணி மட்டும் விளையாட்டு. முதல் மாசம் ஐம்பது பத்தொன்பதாச்சு. மெசினிலை முதுகைச் சாத்திக்கொண்டிருந்து அவன் அழுதவன். உண்மையா அழுதவன், இதிலை என்ன வெக்கம்? பிறகு பாடத்தைத் திருப்பிப் படிச்சான். பத்தொன்பது நாற்பதாச்சு, நாற்பது நூறாச்சு. நூறானவுடனை ஒரு படி பெரிய மேசை, முந்நூறானவுடனை இன்னொரு படி. ஒரே நேரம் நாலு மேசை திறந்து வைச்சு விளையாடப் பழகினான். ஆவணியிலை ஆயிரம் டொலர். எறும்பு ஊரக் கல்லும் தேயும் எண்டது சும்மாவே? கணக்கைப் பாத்துப்போட்டு அண்டைக்கு அவன் பிரபாலினிக்குப் போன் எடுத்தான். "வைகாசிக்கு வாறன்" எண்டான். "கட்டாயம் வாறியளோ?" எண்டு கேட்டாள். "ஓம், கட்டாயம்" எண்டான்.

ஏன் அந்தக் காசை அப்பவே வெளியிலை எடுக்கேல்லை எண்டு கேப்பியள். எடுத்தால் எங்கை போகும்? அத்தான் பாக்கிற வங்கிக் கணக்குக்குத்தான். அங்கை விழுந்த சதம் அண்டைக்கே கடனுக்குப் போயிடும். அதோடை பெரிய மேசையிலை இருக்கக் கணக்கிலை காசு கிடக்கவேணும். உலகத்திலை அத்தான்ரை கை எட்டாத ஒரே இடம் அந்தப் போக்கர் கணக்குத்தான். முழுக்காசும் சேரட்டும், வேறை வங்கியிலை ஒரு கணக்குத் திறந்து ஒரே தரத்திலை எடுப்பம் எண்டு இருந்தான்.

ஐப்பசியிலை ஒரு நாள் பரராசசிங்கத்துக்குப் பல்லுக்குத்து. மூண்டு மணிக்கே வீட்டை வந்திட்டார். மெசின் அறைக் கதவைத் திறந்தால் மைத்துனன் நாலு மேசைக்கு முன்னாலை. திரை மூலையிலை ஆயிரத்துத் தொளாயிரம் டொலர் எண்டு எழுதிக் கிடக்குது.

பேச்சு விழும், அடி விழும் எண்டு இவன் எழும்பி நிண்டான். அந்தாள் பல்லைப் பொத்தின கையையும் எடுத்துப்போட்டு மெத்தையிலை இருந்தார்.

"உது என்ன? முன்னூற்றிநாலு மாதிரியோ?"

"இல்லை அத்தான். வேறை."

"என்ன வேறை? கடதாசி கடதாசிதானே. நீயே இவ்வளவு உழைச்சிருக்கிறாய் எண்டால் நான் எவ்வளவு உழைப்பன்!"

அந்தக் கிழமையே இருநூறு யூரோ கட்டித் தனக்கொரு கணக்குத் திறந்தார். பாடமோ சோதினையோ, அதெல்லாம் சின்னப் பிள்ளையளுக்கு. பெடியன் வெல்லுற மேசை நல்ல மேசையாத்தான் இருக்கும் எண்டு, அவன் எங்கை இருக்கிறானோ அங்கை வந்து இருந்தார். அவர் வரவேற்பறையிலை, இவன் மெசின் அறையிலை. இடையிலை ஒரு சுவர், அதுக்குள்ளாலை அந்தாள் தும்மினாலும் கேக்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சுலக்ஷனுக்கு இரண்டு ராசா கையிலை வந்தது. ஏத்தினான். எல்லாரும் எறிய, அத்தான் மட்டும் விடாமல் கூட வந்தார். கையிலை ஒரு கோதாரியும் இல்லை, தலைவர் எண்ட நினைப்பு மட்டும்தான். அறுபத்திமூண்டு டொலர் இவன் பக்கம் வந்தது. விளையாட்டுத்தானே, சிரிச்சுப்போட்டு விடுவார் எண்டு நினைச்சான், மடையன்.

சுவருக்கு அங்காலை கொஞ்சம் செல்லக் கோப்பை ஒண்டு விழுந்து உடைஞ்சது. "உன்ரை தம்பிக்குச் சோறும் போட்டு, என்ரை காசையும் எடுத்துக் குடுக்கிறியோ?" எண்டு கேட்டது. அதுக்குப் பிறகு அறை விழுந்த சத்தம். அக்கா கத்தேல்லை. பள்ளிக்கூடம் போற மகள்தான் "அம்மா" எண்டு அழுதாள். சுலக்ஷன் கதவுக் கைபிடியிலை கை வைச்சான். திறக்கேல்லை.

அடுத்த நாள் சுகிர்தமலர் ஊத்தை உடுப்போடை அந்த அறைக்கு வந்தாள். அவள் முதியோர் இல்லம் ஒண்டிலை வேலை, மூண்டு வருசம் அவுஸ்பில்டுங் எண்ட தொழிற்படிப்புப் படிச்சவள், அந்த வீட்டுப் பெரியாக்களிலை வடிவா டொச் எழுதத் தெரிஞ்சது அவளுக்கு மட்டும்தான். கன்னத்திலை பவுடர் அப்பியிருந்தது. வேலையிலை என்ன சொன்னாளோ தெரியாது. உடுப்பை மெசினுக்குள்ளை திணிச்சுக்கொண்டு, அவனைப் பாக்காமல் சொன்னாள்.

"தம்பி, அவர் இருக்கிற மேசையிலை நீ வெல்லாதை. எனக்காக."

"அப்ப நான் அந்த மேசையாலை எழும்பிப் போறன் அக்கா."

"போய்ப் பார். அதுக்கும் என்னிலைதான் விழும்."

அவள் சொன்னது சரி. ஒருக்கால் எழும்பிப் பாத்தான். "ஏன்ரா போறாய்? நான் என்ன சொறி பிடிச்சவனோ?" எண்டு சுவருக்கு அங்காலை இருந்து சத்தம் வந்தது. திரும்ப வந்து இருந்தான். அண்டையிலை இருந்து அத்தான் காசு வைச்சால் சுலக்ஷன் எறிவான். கையிலை இரண்டு ஏஸ் கிடந்தாலும் எறிவான். அங்காலை அந்தாள் தொடையிலை தட்டிச் சிரிப்பார், "பாத்தியோ சுகிர்தா, உன்ரை தம்பி பயந்திட்டான்!" எண்டு. அக்கா, "ஓமப்பா" எண்டு சொல்லுறதும் கேக்கும். வீட்டிலை கோப்பை உடையேல்லை.

அத்தானுக்குப் போனதை மற்ற மூண்டு மேசையிலையும் இவன் உழைச்சான். மாரி முழுக்க உழைச்சான். இரண்டாயிரத்தேழு மார்ச் இருபதாந் திகதி கணக்கிலை ஆறாயிரத்து இருநூற்றிநாற்பது டொலர் நிண்டது, யூரோவிலை நாலாயிரத்தைஞ்ஞூறுக்குக் கொஞ்சம் மேலை. ஐம்பது டொலரிலை தொடங்கினது. ஒரு சதம் கடன் வாங்கேல்லை, ஒருத்தனையும் ஏமாத்தேல்லை.

வீடும் கிடைச்சது. ரயில் நிலையத்துக்குப் பின் ஒழுங்கையிலை இரண்டறை வீடு, மூண்டாம் மாடி. வீட்டுக்காரக் கிழவி அவன்ரை சம்பளத் துண்டைப் பாத்து, ஆளையும் ஏற இறங்கப் பாத்து, "ஏப்ரல் பத்துக்கிடையிலை முற்பணத்தைக் கொண்டு வா, சாவியைத் தாறன்" எண்டாள். அவன் படுக்கை அறை யன்னலடியிலை நிண்டு, கட்டில் எந்தப் பக்கம் போடுறது எண்டு யோசிச்சவன். பெம்பிளைக்கு வெளிச்சம் கண்ணிலை படாமல் இருக்கவேணுமெல்லோ.

அண்டைக்கே புது வங்கிக் கணக்கு இலக்கத்தைக் குடுத்து முழுக்காசையும் எடுக்கிறதுக்குப் பொத்தானை அமத்தினான். அஞ்சு நாள் எண்டு போட்டிருந்தது. அஞ்சாம் நாள் வந்தது காசில்லை, கடிதம்.

பெரிய தொகை வெளியிலை போனால் கணக்கை முழுக்கப் பரிசோதிக்கிறது அவங்கடை வழக்கம். பரிசோதிச்சிருக்கிறாங்கள். அவங்களுக்கு எல்லார்ரை கையிலும் என்ன கடதாசி இருந்தது எண்டு தெரியும். குறிப்பிட்ட ஒரு ஆட்டக்காரரோடை நீங்கள் ஆயிரத்து முந்நூறு ஆட்டம் ஆடியிருக்கிறீர்கள், அவருக்கு எதிரா ஒரு தரமும் காசை ஏத்தேல்லை, நிச்சயம் வெல்லக்கூடிய கையை நாற்பத்தொரு தரம் எறிஞ்சிருக்கிறீர்கள், இரண்டு பேரும் ஒரே விலாசம், ஒரே இணைய இணைப்பு. இது கூட்டுக் களவு எண்டு சந்தேகிக்கிறம். இரண்டு கணக்கையும் முடக்கியாச்சு. பத்து நாளைக்குள்ளை இரண்டு பேரும் தனித்தனி விளக்கம் எழுதவேணும்.

முதல் ஞாயிறு ராசா வைச்சு ஏத்தினது? அது கணக்கிலை சேராதாம், அதுக்குப் பிறகு நடந்ததுதான் விசயமாம்.

அதே கடிதம் அத்தானுக்கும் வந்தது. அவர்ரை கணக்கிலை ஆயிரத்தெண்ணூறு டொலர் கிடந்தது, அதிலை முக்கால்வாசி இவன் எறிஞ்ச காசு. அந்தாள் வீடு அதிரக் கத்தினார். "கள்ள நாயே! நீ செய்த சுத்துமாத்துக்கு என்ரை பேரையும் நாறடிச்சுப்போட்டியோ?" தான் திறமையிலை வெல்லேல்லை, பெடியன் விட்டுக்குடுத்துத்தான் வெண்டவர் எண்டு ஒரு கம்பனி எழுத்திலை தந்திருக்குது. காசு முடங்கினதைவிட அந்தாளைச் சுட்டது அதுதான்.

சுலக்ஷன் அக்காவைக் கெஞ்சினான். "அக்கா, நீ எழுதித் தா. உன்ரை டொச் வடிவு. நடந்ததை அப்பிடியே எழுது." சுகிர்தமலர் வேலையாலை வந்த உடுப்போடையே கொம்பியூட்டருக்கு முன்னாலை இருந்தாள். அவர் என்ரை அக்காவின்ரை புருசன், எங்கடை ஆக்களிலை அத்தானை அவமானப்படுத்த ஏலாது, அதாலைதான் வேணுமெண்டே எறிஞ்சனான், கள்ளமா அவருக்குக் காசு கடத்திறதுக்காக இல்லை. இவ்வளவும் எழுதினாள்.

"அறைஞ்சதையும் எழுது" எண்டான்.

அவள் கையை எடுத்திட்டாள். "விசரே உனக்கு? அதை எழுதினால் பொலிஸ் வரும். பிள்ளையைச் சிறுவர் கந்தோர்க்காரர் கொண்டுபோயிடுவாங்கள். இவ்வளவும் காணும், அனுப்பு."

அனுப்பினான். மரியாதைக்காக வெல்லுற கையை எறிஞ்சவன் எண்டு ஒரு ஜெர்மன்காரனுக்கு எழுதினால் அவன் நம்புவானே? "வேணுமெண்டே எறிஞ்சனான்" எண்ட ஒரு வசனம் மட்டும்தான் அவங்கடை கண்ணிலை பட்டது.

ஏப்ரல் ஏழாம் திகதி தீர்ப்பு வந்தது. உங்கடை விளக்கத்திலை நீங்களே குற்றத்தை ஒப்புக்கொண்டுள்ளீர்கள். கணக்கு மூடப்படுது, காசு பறிமுதல். மற்ற ஆட்டக்காரர் இந்தத் துறைக்குப் புதியவர், உங்கடை செயல் அவருக்குத் தெரியாது எண்டு அறிவித்துள்ளார், நீங்கள் வருசக் கணக்கா சூதுக்கு அடிமைப்பட்டவர் எண்டும் வீட்டார் பலதரம் கண்டித்தும் திருந்தேல்லை எண்டும் எழுதியுள்ளார், மனைவியும் சாட்சியாகக் கையொப்பம் வைத்துள்ளார். ஆகவே அவருடைய கணக்கு விடுவிக்கப்படுது.

சுலக்ஷன் அதை மூண்டு தரம் வாசிச்சான். அத்தானுக்கு இப்பிடி டொச் எழுத வராது. அகராதியைத் தின்னக் குடுத்தாலும் வராது. கடிதத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனான். அக்கா கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டு நிண்டாள்.

"இது நீ எழுதினதோ?"

"ஓம்."

"என்ரையை எழுதின கையாலையோ?"

"உன்ரையை எழுதின அண்டைக்கே எழுதினனான். அவர் பக்கத்திலை நிண்டவர்." வெட்டுறதை அவள் நிப்பாட்டேல்லை. "நீ ஆம்பிளை. இண்டைக்கில்லாட்டி நாளைக்கு இந்த வீட்டை விட்டுப் போயிடுவாய். நான் எங்கை போறது?"

"உனக்காகத்தானே அக்கா எறிஞ்சனான்!"

"வெல்லாதை எண்டுதான் சொன்னனான்" எண்டாள் சுகிர்தமலர். "பிடிபடு எண்டு சொல்லேல்லையே."

ஐயோ, கூடப் பிறந்த வாய் இப்பிடியும் கதைக்குமோ? கதைச்சது. கதைச்சுப்போட்டு, "பின்னேரம் சாப்பிட்டுட்டுத்தான் படு, வெறும் வயித்தோடை படுக்காதை" எண்டும் சொன்னாள்.

பத்தாந் திகதி வந்து போச்சு. வீட்டுக்காரக் கிழவி சாவியை வேறை ஆருக்கோ குடுத்திட்டாள். விடுபட்ட ஆயிரத்தெண்ணூறு டொலருக்குப் பரராசசிங்கம் ஒரு அகலத் தொலைக்காட்சி வாங்கினார். பெரிய சாமான், மாடிப்படியாலை தூக்க இரண்டு பேர் வேணும். ஒரு பக்கம் கடைக்காரப் பெடியன் பிடிச்சான், மற்றப் பக்கம் சுலக்ஷனைக் கூப்பிட்டார். அவனும் போய்ப் பிடிச்சான். "சுவரிலை முட்டாமல் பார்" எண்டு பின்னாலை வந்தார் அத்தான்.

பனையாலை விழுந்தவனை மாடேறி மிதிச்சமாதிரி, அந்தக் கிழமையே அந்தாள் கொழும்புக்கும் போன் எடுத்தார். "அம்மா, உள்ளதை மறைச்சுப் பெம்பிளை எடுக்கிற பழக்கம் எங்கடை குடும்பத்திலை இல்லை. பெடியன் சூதிலை ஆறாயிரம் டொலர் விட்டிட்டான்." அவருக்கு அதிலை ஒரு லாபமும் இல்லை எண்டு நினைக்கிறியளோ? பெடியன் கலியாணம் கட்டித் தனிய போனால், மாசம் அறுநூற்றைம்பது யூரோ ஆர் குடுக்கிறது?

அன்னப்பிள்ளை தன்ரை பேச்சிலை நிண்டா. வீடும் இல்லை, காசும் இல்லை, இப்ப பேரும் இல்லை. ஆனால் பிரபாலினி ஒருக்கால் கதைக்கவேணும் எண்டு கேட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சுலக்ஷன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலை இருக்கிற போன் கடைக்குப் போனான். கண்ணாடிக் கூட்டுக்குள்ளை நிண்டு, புதுக் கார்ட்டைச் சுரண்டி இலக்கத்தை அடிச்சான்.

"காசெல்லாம் சூதிலை விட்டிட்டியளாம்" எண்டாள்.

"விடேல்லை. வெண்டனான். ஐம்பது டொலரை ஆறாயிரமாக்கினனான்." அதுக்குப் பிறகு எல்லாத்தையும் சொன்னான். பத்தொன்பது டொலருக்கு வந்து அழுதது, இரண்டு ராசா, கோப்பை உடைஞ்சது, அக்காவுக்கு விழுந்த அறை, நாற்பத்தொரு தரம் எறிஞ்சது, அக்கா எழுதின இரண்டு கடிதம். ஒருத்தருக்கும் சொல்லாததை அவளுக்குச் சொன்னான். நம்புவாள் எண்டு தெரியும். நம்பினால் இன்னும் ஒரு வருசம் பொறுக்கச் சொல்லிக் கேக்கலாம், திரும்பச் சதத்திலை இருந்து தொடங்கலாம். தொடங்கத் தெரியுந்தானே.

அவள் நம்பினாள். அதுதான் கொடுமை.

"நான் நம்புறன்" எண்டாள். "ஒண்டு கேக்கட்டே? அக்காவுக்கு அடி விழேக்கை நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?"

"பக்கத்து அறையிலை."

"என்ன செய்தனீங்கள்?"

போன் கடைக்குள்ளை வேறை கூட்டிலை ஆரோ ஒரு ஆபிரிக்கக்காரன் சத்தமாச் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டிருந்தான்.

"ஒண்டும் செய்யேல்லை" எண்டான் சுலக்ஷன்.

"அதுக்குப் பிறகும் அஞ்சு மாசம் அந்தாளோடை இருந்து விளையாடினனீங்கள்."

"அக்காவுக்காக…"

"அம்மா காசில்லை எண்டுதான் வேண்டாமெண்டவா. நான் காசுக்காக இல்லை. நீங்கள் கூப்பிட்டிருந்தால் அந்த மெசின் அறைக்கும் வந்திருப்பன்" எண்டாள் பிரபாலினி. அழுகிற குரலில்லை, கணக்குப் பாத்து முடிச்ச குரல். "ஆனால் அங்கை வந்து எனக்கு ஒரு நாள் அடி விழுந்தால், என்னைக் காப்பாத்த நீங்கள் என்ன செய்வியள் எண்டு இப்ப எனக்குத் தெரியும். நான் கனடாவுக்கு ஓம் எண்டு சொல்லப்போறன். இனி எடுக்காதேங்கோ."

வைச்சிட்டாள். சுலக்ஷன் போனைக் காதிலை இருந்து எடுக்காமல் நிண்டான். ஒரு பொம்பிளைக் குரல் டொச்சிலை சொன்னது, உங்கடை கார்ட்டிலை இன்னும் முப்பத்தொரு நிமிசம் இருக்குது எண்டு.